படகு இயந்திரமும் அதிர்வடக்கியும்

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நாம் பெயர்களை எளிதில் நம்புவதில்லை. விரைவுப் படகு இயந்திரத்தின் முன்முனையில் கனத்த வட்டு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். கடைக்காரர் சிலர் அதனை ‘பாலன்சர்’ என்பர். சிலர் ‘டாம்பர்’ என்பர். முன்னது சமனாக்கி, பின்னது அதிர்வடக்கி. இரண்டும் ஒன்றெனக் கொள்வோர் தவறான பொருளை வாங்கி, நடுக்கடலில் இயந்திரத்தை இழக்க நேரலாம்.

எட்டு சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு இயந்திரத்தில், கிராங்க் தண்டு ஒருமுறை சுழல்வதற்குள் நான்கு முறை எரிபொருள் பற்றுகிறது. நிமிடத்திற்கு 5000 சுற்று எனில், விநாடிக்கு ஏறக்குறைய 333 அடிகள். ஒவ்வோர் அடிக்கும் எஃகுத் தண்டு இம்மியளவு முறுக்குண்டு மீள்கிறது. ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளினால் வீச்சு பெருகுவதுபோல, அடிகளின் தாளம் தண்டின் இயல்பான அதிர்வோடு இசைந்துவிட்டால் முறுக்கும் பெருகும். நாளடைவில் தண்டில் வெடிப்பு தோன்றும். இம்முறுக்கதிர்வு படகின் தளத்தைக் குலுக்குவதில்லை. ஆகவே, ‘நம் படகு அதிரவில்லையே’ என்று அமைதி கொள்வதற்கில்லை.

அமெரிக்காவில் மோட்டார் வண்டிக்கென வகுத்த இயந்திரங்களைத் திருத்திப் படகில் பொருத்துவது நெடுநாள் வழக்கம். வண்டி உச்ச வேகத்தைச் சிறுபொழுதே தொடும். படகோ அவ்வேகத்திலேயே நெடுநேரம் ஓடும். அலைமீது எழும்பி விசிறி நீரைவிட்டு வெளிவந்தால் சுழற்சி திடீரென மிகும். மீண்டும் நீரில் அமிழ்கையில் தண்டு அதிர்ச்சியுறும். வண்டிக்குப் போதுமான அடக்கி படகுக்கும் போதும் எனக் கொள்ளலாகாது.

அடக்கிகளுள் பெருவழக்கானவை இரண்டு. ஒன்றில் நடுக்குடத்திற்கும் வெளிவளையத்திற்கும் இடையே ரப்பர் இருக்கும். அது குறித்த ஓர் அதிர்வுக்கென இசைவிக்கப்பட்டது. உள்ளுறுப்புகளை மாற்றாத இயந்திரத்திற்கு, அதற்கென்றே செய்த ரப்பர் அடக்கி பொருந்தும். தண்டையும் பிஸ்டனையும் மாற்றிவிட்டால் அவ்விசைவு குலையும். மேலும், வெப்பமும் எண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும்.

மற்றொன்றில், மூடிய கூட்டினுள் கனத்த வளையம் தடித்த சிலிக்கோன் திரவத்தில் மிதக்கும். பிரடெரிக் லாஞ்செஸ்டர் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டிய நெறியின் வழிவந்தது இது. பற்பல வேகங்களிலும் பணிபுரியும். திருத்தியமைத்த படகு இயந்திரத்திற்கு ஏற்றது. ஆயினும் கூட்டிற்கும் வளையத்திற்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகியது. கூடு நசுங்கினால் வளையம் சிக்கிக்கொள்ளும். நசுங்கியதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கற்க.

இனிச் சமனாக்கிக்கு வருவோம். ஷெவர்லே நிறுவனத்தின் 427 கன அங்குல இயந்திரத்தில் தண்டு தானே சமன்பட்டது. 1970இல் வந்த 454 கன அங்குல இயந்திரத்திலோ, சமன் செய்யும் எடையின் ஒரு பகுதி அடக்கியிலேயே அமைந்துள்ளது. ஒன்றின் அடக்கியை மற்றொன்றில் மாட்டினால் இயந்திரம் சமநிலை இழக்கும். ஆகவே, இயந்திரம் எவ்வகையது என்பதை முதலில் கேட்டறிக. விலையைப் பின்னர்க் கேட்கலாம்.

பொருத்துகையில் சம்மட்டியால் அடித்தேற்றாமல் உரிய திருகுக் கருவியைக் கையாளுக. ரப்பர் அடக்கியாயின், குடத்தையும் வளையத்தையும் தொடுமாறு வண்ணக்கோடு ஒன்று இடுக. கோடு பிசகினால் ரப்பர் பிடி தளர்ந்தது என்பது பொருள். பயணத்திற்கு முன் ஒருகணம் அக்கோட்டைப் பார்ப்பது, கரைசேர்வோமா என்னும் கவலையைக் குறைக்கும்.