வேலை போன வாரம் ஒரு கச்சேரி

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். அதனால கொஞ்சம் சுத்தி வளைச்சுப் பேசுவேன், பொறுத்துக்கோங்க.

நேர்ல பார்த்ததுல மறக்க முடியாத லைவ் ஷோ எதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ராஜா சார் பேரையோ ரஹ்மான் பேரையோ சொல்லுவேன்னு எதிர்பார்த்திருப்பீங்க. ரெண்டு பேர் கச்சேரியும் பார்த்திருக்கேன். ஆனா என் பதில் க்ளென் ஹான்ஸர்ட். டப்ளின்காரர். பார்த்த இடமும் டப்ளின்தான், தாமஸ் தெருவுல விகார் ஸ்ட்ரீட்னு ஒரு அரங்கம்.

முதல்ல ஆள் யாருன்னு சொல்லிடறேன். பதிமூணு வயசுல ஸ்கூலை விட்டுட்டு டப்ளின் க்ராஃப்டன் தெருவுல கிட்டாரோட நின்னு பாட ஆரம்பிச்சவர். அங்க இதை பஸ்கிங்னு சொல்லுவாங்க. முன்னாடி கிட்டார் பெட்டி திறந்து கிடக்கும், போறவங்க காசு போடுவாங்க. 1991-ல வந்த 'தி கமிட்மென்ட்ஸ்' படத்துல நடிச்சார். 'தி ஃப்ரேம்ஸ்'னு ஒரு பேண்ட் வெச்சிருந்தார். அதுல ஒரு காலத்துல பேஸ் கிட்டார் வாசிச்ச ஜான் கார்னி பின்னாடி டைரக்டர் ஆகி எடுத்த படம்தான் 'ஒன்ஸ்'. ஹீரோவா முதல்ல நடிக்க இருந்தது கிலியன் மர்ஃபி. அவர் விலகினதும், பாட்டு மட்டும் எழுத வந்த ஹான்ஸர்ட்டே ஹீரோ ஆயிட்டார். பதினேழு நாள் ஷூட்டிங். தெரு சீன்களை தூரத்துல கேமரா வெச்சு எடுத்ததால, நடந்து போன பல பேருக்கு படம் எடுக்கறாங்கன்னே தெரியாது.

2008 ஆஸ்கர்ல 'ஃபாலிங் ஸ்லோலி' பாட்டுக்கு அவருக்கும் மார்கெட்டா இர்க்லோவாவுக்கும் விருது கிடைச்சது. அந்தப் பொண்ணுக்கு அப்ப இருபது வயசு கூட ஆகல. அவங்க பேச வாயைத் திறக்கும்போது மியூசிக் போட்டு நிறுத்திட்டாங்க. விளம்பர இடைவேளை முடிஞ்சதும் ஜான் ஸ்டூவர்ட் அவங்களைத் திரும்ப மேடைக்குக் கூட்டிட்டு வந்து பேச வெச்சார். யூட்யூப்ல தேடிப் பாருங்க.

நான் 'ஒன்ஸ்' பார்த்தது காலேஜ் ஹாஸ்டல்ல. மூணாவது செமஸ்டர், யாரோ ஒருத்தன் ஹார்ட் டிஸ்க்ல இருந்து. கதைன்னு பெருசா ஒண்ணும் இல்ல, ரெண்டு பேர் சேர்ந்து பாட்டு ரெக்கார்ட் பண்றாங்க, அவ்வளவுதான். என் ரூம்மேட் பாதியில தூங்கிட்டான். நான் ரெண்டு தடவை பார்த்தேன்.

அப்ப எனக்குப் புதுசா இருந்தது ஒரு விஷயம். நம்ம சினிமாவுல எழுதறவர் ஒருத்தர், மெட்டு போடறவர் ஒருத்தர், பாடறவர் ஒருத்தர், திரையில வாயசைக்கறவர் இன்னொருத்தர். நாலு பேர் சேர்ந்தாதான் ஒரு சோகம். இங்க ஒரே ஆள் எழுதி, மெட்டு போட்டு, அவரே பாடறார். நம்மகிட்ட அது இல்லாம இல்ல. அப்பர்ல இருந்து கோபாலகிருஷ்ண பாரதி வரைக்கும் தானே பாடித் தானே பாட்டு கட்டினவங்கதான். நடுவுல சினிமா வந்து வேலையைப் பிரிச்சுக் கொடுத்துடுச்சு. சரி, அது தனி எபிசோட்.

இப்ப டப்ளின். வேலைக்காகப் போய் ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. ஃபிப்ஸ்பரோங்கற ஏரியாவுல ஒரு வீட்டுல ரூம் மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தேன், சம்பளத்துல மூணுல ஒரு பங்கு அதுக்கே போயிடும். டிசம்பர்ல ஷோ இருக்குன்னு தெரிஞ்சு ரெண்டு மாசம் முன்னாடியே டிக்கெட் வாங்கிட்டேன். ஐம்பது யூரோவுக்கு மேல. ஒரு டிக்கெட்தான், கூட வர ஆள் இல்ல.

ஷோ வெள்ளிக்கிழமை. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில பதினைஞ்சு நிமிஷ மீட்டிங் ஒண்ணு கேலண்டர்ல வந்து விழுந்தது. எச்.ஆர். இருந்தாங்க, இதுவரைக்கும் நான் பார்த்தே இராத ஒரு மேனேஜர் இருந்தார். என் டீமையே எடுத்துட்டாங்க. எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, எல்லாக் கம்பெனியும் அந்த வருஷம் அதைத்தான் பண்ணிட்டிருந்தது. பர்மிட்ல இருக்கறவனுக்கு வேலை போனா, அதோட ஊர்ல இருக்கற உரிமையும் ஆட ஆரம்பிச்சிடும். ஆறு மாசத்துக்குள்ள வேற வேலை தேடணும். அன்னிக்கு ராத்திரியே எக்செல் ஷீட் போட்டேன். கையில எவ்வளவு இருக்கு, வாடகை எவ்வளவு, அப்பா ஆபரேஷனுக்கு எடுத்த லோன் எவ்வளவு பாக்கி. வீட்டுக்குச் சொல்லல. புதன்கிழமை அம்மா போன் பண்ணாங்க, ஆபீஸ்ல பிஸின்னு சொல்லிட்டேன்.

வியாழக்கிழமை டிக்கெட்டை வித்துடலாம்னு போட்டேன். அங்க 2021-ல ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, பெரிய அரங்க ஷோ டிக்கெட்டை வாங்கின விலைக்கு மேல மறுபடி விக்கக் கூடாது. அதனால லாபமும் கிடையாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒருத்தர் வாங்கிக்கறேன்னு மெசேஜ் அனுப்பினார். ஃபோனைக் கையில வெச்சுக்கிட்டு பத்து நிமிஷம் உக்காந்திருந்தேன். பதில் போடல. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லத் தெரியல. அந்த எக்செல்ல அந்த ஐம்பது யூரோவும் ஒரு வரிதான்.

தாமஸ் தெரு கின்னஸ் ஃபேக்டரிக்குப் பக்கம். காத்து அந்தப் பக்கமா அடிச்சா வறுத்த பார்லி வாசனை தெரு முழுக்க இருக்கும், நம்ம ஊர்ல காபிக்கொட்டை வறுக்கற கடையைத் தாண்டற மாதிரி. அரங்கம் அப்படி ஒண்ணும் பெருசில்ல, ஆயிரம் பேர் உக்காரலாம். எந்த சீட்ல இருந்து பார்த்தாலும் முகம் தெரியும்.

அவர் கிட்டாரைப் பத்தி முன்னாடியே படிச்சிருந்தேன், ஆனா நேர்ல பார்க்கறது வேற. பழைய டகமைன் கிட்டார். சவுண்ட் ஹோலுக்குக் கீழ இன்னொரு ஓட்டை. யாரும் வெட்டினது இல்ல, வருஷக்கணக்கா ப்ளெக்ட்ரம் உரசி உரசி மரமே தேஞ்சு போயிருக்கு. எங்க பாட்டி வீட்டு அம்மிக்கல் நடுவுல குழியா இருக்கும்ல, அது மாதிரி.

முதல் அரைமணி நேரம் நான் அங்கயே இல்ல. உடம்பு சீட்ல, மனசு எக்செல்ல. பாட்டுக்கு நடுவுல அவர் நிறைய கதை பேசுவார், சுத்தி எல்லாரும் சிரிக்கறாங்க, எனக்கு பாதி ஆக்சென்ட் புரியல. வித்திருக்கலாமோன்னு கூட தோணிச்சு.

அப்புறம் ஒரு பாட்டுக்கு மைக்கை விட்டுட்டு மேடை விளிம்புக்கு வந்துட்டார். 'ஒன்ஸ்' ஆரம்பத்துல ராத்திரி நேரத் தெருவுல பாடுவாரே, 'சே இட் டு மீ நவ்', அந்தப் பாட்டு. ஸ்பீக்கர் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆயிரம் பேர் இருக்கற ஹால்ல யாரோ க்ளாஸைக் கீழ வெச்ச சத்தம் கேக்குது. கிசுகிசுன்னு ஆரம்பிச்சவர் கடைசியில கழுத்து நரம்பு புடைக்கக் கத்தறார். அது கத்தல்தான், அழகா இருக்குன்னு சொல்ல முடியாது.

இதை நான் நூறு தடவையாவது ஹெட்ஃபோன்ல கேட்டிருப்பேன். ஆனா ரெக்கார்டிங்ல சின்ன சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் கிட்டக் கிட்டக் கொண்டு வந்துடுவாங்க, கம்ப்ரஷன்னு பேரு. பஸ்ல கேக்கறவனுக்கும் கேக்கணும்ல. அதனால முணுமுணுப்பும் அலறலும் ஏறக்குறைய ஒரே அளவுல காதுல விழும். நேர்ல அந்த இடைவெளி அப்படியே இருக்கு. முணுமுணுக்கும்போது நாம முன்னாடி சாயறோம், கத்தும்போது பின்னாடி போறோம். மைக் இல்லாம தெருவுல நிக்காம போறவனை நிக்க வெச்சுப் பழகின குரல் அது. நான் நிக்காம போயிட்டிருந்தவன்தான். நின்னுட்டேன்.

அழுதியான்னு கேப்பீங்க. ஆமா. பக்கத்து சீட்ல ஒரு ஐரிஷ் பாட்டி இருந்தாங்க, எழுபது வயசு இருக்கும். என்னைப் பார்க்காத மாதிரியே ஒரு டிஷ்யூவை எடுத்து ஆர்ம்ரெஸ்ட்ல வெச்சாங்க. ஒரு வார்த்தை பேசல.

கடைசிப் பாட்டு அவருது இல்ல. 'தி ஆல்ட் ட்ரையாங்கிள்'. ப்ரெண்டன் பீஹனோட 1954 நாடகம் ஒண்ணால பிரபலமான பாட்டு. மவுன்ட்ஜாய் சிறைக்குள்ள காலையில கைதிகளை எழுப்ப இரும்பு முக்கோணத்தை அடிப்பாங்க, அந்த சத்தம் ராயல் கால்வாய் ஓரமா கேக்குதுன்னு ஒரு கைதி பாடற மாதிரி. பீஹனே அந்த ஜெயில்ல இருந்தவர். இசைக்கருவி எதுவும் இல்ல. கூட வந்தவங்க ஆளுக்கு ஒரு சரணம் பாடினாங்க, கூட்டத்துல இருந்தும் ஒருத்தரை மேல ஏத்திப் பாட வெச்சார். அவர் சுருதி கொஞ்சம் விலகித்தான் இருந்தது, யாருக்கும் கவலை இல்ல. பல்லவி வந்தா ஹால் மொத்தமும் பாடுது. பாட்டியும் பாடறாங்க. ரெண்டாவது தடவைக்கு எனக்கும் வந்துடுச்சு.

வெளிய வந்து நடந்தே போனேன். பஸ் காசு மிச்சம்ங்கறதும் ஒரு காரணம். லிஃபி ஆத்தைத் தாண்டி முக்கால் மணி நேர நடை. ஃபிப்ஸ்பரோ வந்ததும்தான் உறைச்சது. மவுன்ட்ஜாய் சிறை என் வீட்டுக்குப் பக்கத்துல. அந்தக் கால்வாய் ஓரமா ரெண்டு வருஷமா தினமும் ஹெட்ஃபோனோட நடந்திருக்கேன். அந்தச் சுவரு என்னன்னு ஒரு நாள் கூட கேட்டதில்ல. பாலத்து மேல நின்னேன். நல்ல குளிர். தண்ணியில தெருவிளக்கு, ஒரு வாத்து, அந்தப் பக்கம் ஜெயில்.

மணி பதினொண்ணே கால். நம்ம ஊர்ல காலை நாலே முக்கால். மார்கழி பொறந்து ரெண்டு மூணு நாள்தான் ஆகியிருந்தது, அம்மா எழுந்து வாசல் தெளிச்சிட்டிருப்பாங்கன்னு தெரியும். கூப்பிட்டேன். பின்னாடி கோயில் ஸ்பீக்கர்ல திருப்பாவை ஓடுது. "என்னப்பா இந்நேரத்துல?"ன்னாங்க. வேலை போயிடுச்சும்மான்னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் திருப்பாவை மட்டும்தான் கேட்டுச்சு. அப்புறம் கேட்டாங்க, "என்னிக்கு?" செவ்வாய்க்கிழமைன்னேன். "நாலு நாளா தனியாவா வெச்சிருந்த?" அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. லோனைப் பத்தி அவங்களே பேச்சை எடுத்து, நகை இருக்கு, பார்த்துக்கலாம்னாங்க. எனக்கு அந்த நகை போகக் கூடாது. அதைச் சொல்லவும் தொண்டை வரல.

அப்புறம் அம்மா மெதுவா, "இந்தக் குளிர்ல தெருவுலயா நிக்கிற? எங்க போயிட்டு வர்ற?"ன்னு கேட்டாங்க. ஒரு பாட்டுக் கச்சேரிக்குன்னேன்.

"வேலை போன பிறகா? டிக்கெட் எவ்வளவு?"

அறுநூறு ரூபான்னு சொல்லிட்டேன். இன்னிக்கும் அவங்களுக்குத் தெரியாது. அம்மா இந்த பாட்காஸ்ட் கேக்கறதில்ல, அதனால தைரியமா சொல்றேன். உங்கள்ல யாருக்காவது எங்கம்மாவைத் தெரிஞ்சா வாயைத் திறக்காதீங்க.

ஆறு மாசம் முடியறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி சென்னையில வேலை கிடைச்சு வந்துட்டேன். நகை பத்திரமா இருக்கு. அடுத்த எபிசோட்ல கெஸ்ட் உண்டு, கானா பாடறவர் ஒருத்தர். அதுவரைக்கும் டாட்டா மக்களே.