அரங்கில் கேட்ட தமிழும் அறையில் கேட்கும் தமிழும்
(தனித்தமிழ் மன்றத் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திரைப்படத்தைப் பற்றித் தனித்தமிழ் மேடையிற் பேசுவதா எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். சுளிக்கட்டும். நம் மக்கள் செவியில் நாள்தோறும் விழும் தமிழில் பெரும்பகுதி திரையினின்று வருவதே. புலவர் அதனைப் புறக்கணிப்பின், வணிகர் பார்த்துக்கொள்வர், பார்த்துக்கொண்டும் இருக்கின்றனர்.

வீட்டிலிருந்தே படம் பார்ப்பதன் நன்மையை யான் மறுக்கவில்லை. முதியோர்க்கும் நோயாளர்க்கும் கைக்குழந்தையுடைய தாய்மார்க்கும் அது பேருதவி. நால்வர் கொண்ட குடும்பம் அரங்கிற்குச் சென்று நுழைவுச்சீட்டும் சோளப்பொரியும் வாங்கி மீள்வதற்குள் உழைப்பாளி ஒருவனின் ஒருநாட் கூலி கரைந்துவிடும். என் வினா வேறு. படம் பார்க்கும் இடம் மாறும்போது தமிழுக்கு நேர்வது யாது?

பழைய கீற்றுக் கொட்டகையை எண்ணிப் பாருங்கள். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்வான் ஒருவன். பின்னே விசிப்பலகையில் ஒருவன். அதற்கும் பின்னே நாற்காலியில் ஒருவன். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒன்றைக் கண்டது திரையரங்கிலேயே முதன்முதல் நிகழ்ந்தது என்று ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். அங்கே இருக்கை கொடுத்த காசைப் பொறுத்தது. பிறந்த குலத்தைப் பொறுத்ததன்று. கோயிலில் நுழையவும் குளத்தில் இறங்கவும் தடையிருந்த நாட்டில் இஃதொரு சிறு செய்தியா?

அவ்வாறு ஒன்றாய் அமர்ந்த கூட்டம் ஒன்றாய்த் தமிழும் கேட்டது. 1949-இல் அண்ணாவின் ‘வேலைக்காரி’யும், 1952-இல் கலைஞரின் உரையாடலில் ‘பராசக்தி’யும் வந்தன. எழுத்தறியாத உழவனும் அடுக்குமொழியை மனப்பாடமாய் ஒப்புவித்தான். அவ்வுரையாடல்கள் நூலாகவும் விற்றன. அத்தமிழ் முழுத் தூய்மையுடையதன்று என்பதை யானறிவேன். ஆயினும் நல்ல சொல் ஒன்று விழுந்தவுடன் அரங்கமே கைதட்டிற்றே, அக் கைதட்டலே தமிழுக்குக் கிடைத்த மதிப்பு. பக்கத்தில் இருப்பவன் தட்டக் கண்டு இவனும் அச்சொல்லை உற்றுக் கேட்டான். தனியறையில் காதுக்குள் கேட்பொறியைச் செருகிக்கொண்டு பார்ப்பவனுக்கு அந்தப் பக்கத்து மனிதன் இல்லை.

அரங்கில் எல்லாம் செம்மையாய் நடந்தது, நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. 2023-ஆம் ஆண்டு சென்னை அரங்கொன்றில் நரிக்குறவர் குடும்பத்தினர் கையில் நுழைவுச்சீட்டு இருந்தும் வாயிலில் தடுக்கப்பட்டனர். கண்டவர்கள் எதிர்த்துக் குரலெழுப்பிய பின்னரே உள்ளே விடப்பட்டனர். வெட்கக்கேடு! ஆனால், அது பொதுவிடமாதலின் அக்கொடுமை வெளிப்பட்டது. கேட்பதற்கு நாலுபேர் இருந்தனர்.

இனி வீட்டிற்கு வருவோம். 1975 ஆகசுட்டு 15-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிற்று. ஞாயிறு மாலைத் தமிழ்ப் படத்திற்குத் தெருவே ஒரு வீட்டில் கூடிற்று. வீடும் அன்று ஒரு சிற்றரங்கே. 1982 முதல் தில்லியின் நாடளாவிய ஒளிபரப்பு இரவுதோறும் இந்தியைக் கூடத்துள் கொண்டுவந்தது. எனினும் அது வேற்றுமொழி என்பது எல்லார்க்கும் விளங்கிற்று, எதிர்த்தோம்.

இன்றைய நிலையோ நுட்பமானது. 2020-இல் கொரோனா என்னும் மகுடைத் தொற்றால் அரங்குகள் மூடப்பட்டபோது ‘சூரரைப் போற்று’ போன்ற படங்கள் நேரே இணையவழி வீட்டிற்கு வந்தன. ஒரே படம்; ஒரு பொத்தானில் ஐந்து மொழி. ‘செய் பீம்’ 2021-இல் அவ்வாறே வந்தது. அதில் இந்தியில் பேசுபவனைக் காவலதிகாரி அறைந்து தமிழிற் பேசச் சொல்லும் காட்சி உண்டு. அறைவதை யான் போற்றவில்லை. ஆனால், இந்திப் பதிப்பில் அவர் உண்மையைப் பேசச் சொல்வதாக அதனை மாற்றிவிட்டனர்! படம் ஒன்றே, தமிழ் என்னும் பொருளே அங்கில்லை. பார்ப்பவர் தத்தம் அறையில் இருத்தலால் மாற்றம் நடந்ததே பலர்க்குத் தெரியாது.

மற்றொன்று, இதனை நம் மன்றத்தார் கூர்ந்து நோக்கவேண்டும். 2006-இல் தமிழ்ப் பெயர் சூட்டிய படங்களுக்குத் தமிழக அரசு கேளிக்கை வரிவிலக்கு அளித்தது. உடனே ‘சம்திங் சம்திங்’ உதிர்ந்து ‘உனக்கும் எனக்கும்’ நின்றது. நாம் நூறு கூட்டம் போட்டுச் செய்யாததை ஓர் ஆணை செய்தது. கரணியம் என்ன? வரி அரங்கின் வாயிலில் தண்டப்பட்டது. வாயில் நம் நாட்டில் இருந்தது. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபின் அப்பிடி நழுவிற்று. பின்னர் வந்த பெயர்களைப் பாருங்கள்: ‘மாசுட்டர்’, ‘பீசுட்டு’, ‘லியோ’, ‘செயிலர்’. எழுதவே கை கூசுகிறது. அரங்கு வாயிலையேனும் அரசு மீண்டும் ஒரு வழியாகப் பற்றலாம். கடல்கடந்த குழுமம் வீட்டிற்குள் அனுப்பும் படத்திற்கு வாயில் எங்கே?

ஆகவே அரங்கைக் கைவிடற்க. ஆண்டிற்குச் சில முறையேனும் நல்ல தமிழ்ப் படத்திற்கு மனைவி மக்களோடு சென்று, நல்ல சொல் கேட்டால் கைதட்டுக.

வீட்டில் பார்ப்போர்க்கு ஒரு வேண்டுகோள். தமிழ்ப் படத்தின் அடியில் ஆங்கில எழுத்து வரிகள் ஓடுகின்றன. தமிழ் வரிகளைத் தேடினால் பல படங்களில் இல்லை. செவிப்புலன் இழந்த தமிழன் தன் தாய்மொழிப் படத்தை ஆங்கிலங் கற்றுத்தான் அறிந்துகொள்ளவேண்டுமாம்! தமிழ்ப் படம் ஒவ்வொன்றுக்கும் தமிழ் வரிகள் வேண்டுமெனக் கேட்டு, அக்குழுமங்களுக்கும் அரசின் தமிழ் வளர்ச்சித் துறைக்கும் விண்ணப்பம் எழுதியுள்ளோம். தாள் வாயிலருகே மேசைமேல் உள்ளது. தமிழிலேயே கையொப்பமிடுக, தலைப்பெழுத்தும் தமிழிலேயே இருக்கட்டும்.