ஏதென்சின் உச்சியூர்



கிரேக்க நாட்டின் தலைநகராகிய ஏதென்சின் நடுவே ஒரு கற்குன்று தனித்து நிற்கின்றது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 150 மீட்டர் உயரம். மூன்று பக்கமும் செங்குத்தான பாறை. மேற்கே மட்டும் ஏறுவழி. அதன் பெயர் அக்குரோபொலிசு. ‘அக்குரோசு’ என்பது உச்சி. ‘பொலிசு’ என்பது ஊர். உச்சியூர் என்று தமிழில் சொல்லிவிட்டால் பொருள் முழுவதும் வந்துவிடும். எந்த அரசன் பெயரையும் தலைமேல் சுமக்காத எளிய பெயர்! சங்க நூல்கள் யவனர் என்று குறிக்கும் மக்களுள் கிரேக்கரும் அடங்குவர். பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட கலங்களின் கதை தமிழறிந்தார்க்குப் புதிதன்று. எனவே அக்குன்றின்மீது ஏறும் தமிழன் முற்றிலும் அயலான் அல்லன்.

இன்று அங்கு ஏறுவோர் முதலில் காண்பது கோயில்களை. பின்பு காலடியில் கடல்வரை பரந்து கிடக்கும் வெண்ணிற மாநகரை. ஆனால் அது முதலில் கோயிலன்று, கோட்டை. கி.மு. 13-ஆம் நூற்றாண்டிலேயே, செதுக்காத பெரும்பாறைகளை அடுக்கி அங்கே மதில் எழுப்பினர். பின்வந்த கிரேக்கர்களே அந்தக் கற்களின் பருமையைக் கண்டு மலைத்து, இவை மாந்தர் கையால் வைத்தவை அல்ல, ஒற்றைக்கண் அரக்கர் வைத்தவை என்று கதை கட்டினர். முன்னோர் ஆற்றலை நம்ப முடியாத பின்னோர் எல்லா நாட்டிலும் உண்டு போலும்!

கி.மு. 480-இல் பாரசீகப் பெரும்படை அக்குன்றைக் கைப்பற்றி, கோயில்களை எரித்துத் தரைமட்டமாக்கியது. அப்போது அங்கே ஒரு புதுக்கோயில் பாதி எழும்பி நின்றது. அதற்கென அறுத்து வைத்த பளிங்குத் தூண்துண்டங்களும் கிடந்தன. பகைவர் தோற்று ஓடிய பின்னர் ஊர் திரும்பிய ஏதென்சு மக்கள், அத்துண்டங்களைத் தூக்கி எறியவில்லை. மறைத்துப் பூசவும் இல்லை. வடமதிலைக் கட்டும்போது, கீழே ஊரில் நடமாடுவோர் கண்ணுக்குத் தெரியும்படி அவற்றை வரிசையாக மதிலில் பதித்தனர். இருபத்தைந்து நூற்றாண்டு கடந்தும் அவை அங்கேயே இருக்கின்றன. இன்றும் கீழிருந்து நிமிர்ந்து பார்ப்பவன் அவற்றைக் காணலாம்.

அவ்வழிவின்மேல் எழுந்ததே பார்த்தெனான் என்னும் பெருங்கோயில். கி.மு. 447-இல் தொடங்கிக் கட்டடம் பத்தாண்டுக்குள் முடிந்தது. படிம வேலைகள் கி.மு. 432 வரை நடந்தன. முகப்பில் எட்டுத் தூண்கள், பக்கத்தில் பதினேழு. அதன் அடித்தளம் பார்வைக்குச் சமதளமாகத் தோன்றும். உண்மையில் நடுவில் மெல்ல உயர்ந்து வளைந்திருக்கின்றது. நீண்ட பக்கத்தில் அவ்வுயர்வு ஏறத்தாழ 11 செ.மீ. மட்டுமே. தூண்களும் உள்நோக்கிச் சற்றே சாய்ந்தவை. நேர்கோடு ஒன்றுகூட நேராக இல்லாமலே நேர்மை தோன்றச் செய்த கைவன்மை அது!

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாரசீகரை எதிர்ப்பதற்கென்று தோழமை ஊர்கள் திரட்டிய பொதுப்பணம் தீலோசுத் தீவில் இருந்தது. கி.மு. 454-இல் ஏதென்சு அதைத் தன் ஊருக்கே கொண்டுவந்துவிட்டது. குன்றின்மேல் எழுந்த கட்டடங்களில் அப்பணமும் கலந்திருக்கின்றது. தன் விடுதலைக்குப் போராடிய ஊரே பிற ஊர்களிடம் திறை பெறும் ஊராகவும் மாறிற்று. அருகிலுள்ள எரெக்தேயான் கோயிலின் கட்டடக் கணக்கு கல்லில் வெட்டப்பட்டுள்ளது. குடிமகனும், வந்தேறிய அயலூரானும், அடிமையும் ஒரே வேலைக்கு ஒரே கூலியாக நாளொன்றுக்கு ஒரு துராக்குமா பெற்றதை அக்கல் சொல்கிறது. அடிமையின் கூலி அவன் கைக்குப் போயிற்றா, அவனை உடையவன் கைக்குப் போயிற்றா என்பதைத்தான் அது சொல்லவில்லை. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகளைப் படித்தவர்க்கு, கல்லில் கணக்கெழுதும் இவ்வழக்கம் நன்கு விளங்கும்.

பின்னைய நூற்றாண்டுகளில் அக்கோயில் கிறித்தவக் கோயிலாயிற்று; பிறகு துருக்கியர் காலத்தில் பள்ளிவாசலாயிற்று. ஆனாலும் கட்டடம் பெரிதும் நின்றது. அதை உடைத்தது போர். 1687-இல் வெனிசு நகரப் படை குன்றை முற்றுகையிட்டது. துருக்கியர் கோயிலுக்குள் வெடிமருந்தை அடுக்கி வைத்திருந்தனர். செப்டம்பர் 26 அன்று ஓர் எறிகுண்டு கூரையைத் துளைத்து உள்ளே வீழ்ந்தது. கோயிலின் நடுப்பகுதி சிதறியது. ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டனர். படைத்தலைவன் மொரோசினி வெற்றிச் சின்னமாக மேற்கு முகட்டின் குதிரைப் படிமங்களைக் கழற்ற முயன்றான். அவை கீழே வீழ்ந்து நொறுங்கின. மறு ஆண்டே அவன் படை ஊரைவிட்டு நீங்கியது. கைப்பற்றியதைக் காக்கவும் இயலாது, அழித்ததை மீட்கவும் இயலாது போனது அவ்வெற்றி!

அடுத்து வந்தவன் படைஞன் அல்லன், தூதன். துருக்கிப் பேரரசுக்குப் பிரித்தானியத் தூதனாயிருந்த எல்கின் பெருமகன், 1801 முதல் தன் ஆட்களைக் கொண்டு கோயிற் படிமங்களை அறுத்தும் கழற்றியும் இலண்டனுக்கு அனுப்பினான். இசைவு பெற்றே செய்தேன் என்றான். அவ்விசைவின் மூலமடல் இன்றுவரை கிட்டவில்லை. இத்தாலிய மொழிபெயர்ப்பு ஒன்றே உள்ளது. இசைவு தந்ததாகச் சொல்லப்படுவோரும் கிரேக்கர் அல்லர். கிரேக்கரை அடக்கி ஆண்டவர். 1816-இல் பிரித்தானிய அரசு 35,000 பவுனுக்கு அவற்றை விலைக்கு வாங்கியது. 160 மீட்டர் நீளத்துப் புடைப்புப் படிமவரிசையில் ஏறத்தாழப் பாதி இன்றும் இலண்டனில் இருக்கின்றது. 1963-ஆம் ஆண்டுச் சட்டம் திருப்பித் தரத் தடையாய் உள்ளது என்பது அவர்கள் விடை. சட்டம் இயற்றியவர் யார், மாற்ற வல்லவர் யார் என்று கேட்பார்க்கு விடை இல்லை. 2023-இல் வத்திக்கான் தன்னிடமிருந்த மூன்று துண்டங்களைத் திருப்பித் தந்தது. தமிழ்நாட்டுப் பத்தூரில் மண்ணிலிருந்து வெளிப்பட்டு இலண்டனுக்குக் கடத்தப்பட்ட ஆடவல்லான் செப்புத் திருமேனி, வழக்காடி வென்று 1991-இல் தாய்மண் திரும்பிய செய்தியை இங்கு நினைக்கலாம். திருப்பித் தருதல் முடியாத செயலன்று.

விடுதலை பெற்ற கிரேக்கரும் குன்றுக்கு ஊறு செய்தனர் என்பது கசப்பான உண்மை. 1833-இல் துருக்கிப் படை இறங்கிய பின்னர், பழங்கிரேக்கம் அல்லாதவற்றை எல்லாம் களைந்து குன்றைத் தூய்மையாக்க முனைந்தனர். பள்ளிவாசல் போயிற்று, வீடுகள் போயின, இடைக்காலத்துக் காவற்கோபுரம் ஒன்றும் 1875-இல் இடிக்கப்பட்டது. தூய்மை விரும்புவோர் இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். மொழியில் கலந்த அயற்சொல்லை விலக்கினால், பழைய நூலில் அச்சொல் இருக்கவே இருக்கும். வேண்டுவோர் அங்கே காணலாம். இடித்த கோபுரத்தை எந்த நூலைப் புரட்டியும் மீண்டும் காண முடியாது. இரண்டும் ஒன்றல்ல.

அன்பினால் விளைந்த கேடும் உண்டு. பழந்தச்சர் கற்களை இரும்புப் பற்றிகளால் இணைத்து, அவற்றைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றினர். காற்றும் நீரும் இரும்பை அணுகவில்லை, கல்லும் கெடவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீழ்ந்த தூண்களை நிறுத்தியவர்கள் ஈயமிடாத இரும்பை வைத்தனர். இரும்பு துருவேறிப் பருத்துப் பளிங்கைப் பிளந்தது. 1975-இல் அமைந்த குழு, அவ்விரும்பைக் களைந்து துருவேறாத தைட்டானியத்தை வைத்து வருகின்றது. முன்னோர் கட்டப் பதினைந்தாண்டு. பின்னோர் பழுதுபார்க்க அதனினும் மும்மடங்கு!

1941 மே 30 இரவு நடந்ததைச் சொல்லாமல் அக்குன்றைப் பற்றிப் பேசுவது முறையன்று. செருமானியர் ஏதென்சைப் பிடித்துக் குன்றின் உச்சியில் நாசிக் கொடியை ஏற்றியிருந்தனர். மானோலிசு கிளேசோசு, அப்போசுதோலோசு சந்தாசு என்னும் இரு மாணவர். இருவருக்கும் இருபது வயதுகூட நிரம்பவில்லை. வடசரிவின் பாறைப் பிளவொன்றில் புகுந்து, காவலர் கண்ணில் படாமல் மேலேறி, கொடியை இறக்கி எடுத்துச் சென்றனர். செய்தவர் இன்னார் என்று அறியாமலே அவர்களுக்குச் சாவுத் தண்டனை அறிவிக்கப்பட்டது. இருவரும் பிடிபட்டு மாளவில்லை, நெடுநாள் வாழ்ந்தனர். சந்தாசு 2011-இலும், கிளேசோசு 2020-இலும் மறைந்தனர்.

குன்றின் அடியில் 2009-இல் புதிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. எரெக்தேயான் கோயிலின் கூரையைத் தலையில் தாங்கி நின்ற பெண்படிமங்கள் ஆறு. மாசுக்காற்று அரித்ததால் அவை உள்ளே கொண்டுவரப்பட்டன. மேலே நிற்பவை படிகளே. உள்ளே ஐந்து பெண்கள் முன்போலவே வரிசையாக நிற்கின்றனர். எல்கின் கொண்டுசென்ற ஆறாமவளுக்குரிய இடத்தை வேறெதனாலும் நிரப்பாமல் வெறுமையாக விட்டிருக்கின்றனர்.