மரத்தைக் காட்டுவோம், பொருள் பிறகு வரும்
(ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், இலக்கிய மன்றத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குப் பழைய சீனக் கவிதைகளை அறிமுகம் செய்தேன். கரும்பலகையில் ஒரு பட்டியல் எழுதிப் போட்டேன்: வில்லோ மரம் – பிரிவு, பீச் மரம் – மணமகள், சாமந்தி – துறவு மனம், தாமரை – தூய்மை.

ஒரு மாணவி எழுந்து, "ஐயா, பிரிவுக்கு ஏன் அந்த மரம்? வேற மரம் கிடைக்கலையா?" என்றாள். "அது அப்படித்தாம்மா, எழுதிக்கோ" என்றேன். அவளும் எழுதிக்கொண்டாள். அதன் பிறகு அவள் கேள்வியே கேட்கவில்லை.

பதில் எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. பிறகு தேடிப் படித்தேன். வில்லோ, கிரிக்கெட் மட்டை செய்யும் மரத்தின் இனம். சீன மொழியில் அதன் பெயரும் 'தங்கு' என்னும் சொல்லும் ஏறக்குறைய ஒரே ஒலி உடையவை. அன்றைய தலைநகரான சாங்கானில், வழியனுப்ப வந்தவர்கள் பா ஆற்றுப் பாலத்தருகே ஒரு வில்லோக் கிளையை ஒடித்துப் பயணியின் கையில் கொடுப்பார்கள். 'போகாதே' என்று வாய்விட்டுச் சொல்ல முடியாததைக் கிளை சொல்லிவிடும். வில்லோக் கிளையை ஈர மண்ணில் ஊன்றினால் வேர்விடும். போகிற இடத்தில் நீயும் வேரூன்று என்ற வாழ்த்தையும் அதில் காணலாம்.

பீச் மரமும் அப்படியே. 305 பாடல்கள் கொண்ட 'ஷி ஜிங்' சீனாவின் மிகப் பழைய கவிதைத் தொகுப்பு. அதில் மணப்பெண்ணைப் பற்றிய ஒரு பாடல் முதலில் பீச் மரத்தின் பூவையும், அடுத்துக் கனியையும், பிறகு அடர்ந்த இலைகளையும் காட்டுகிறது. அழகு, மக்கட்பேறு, தழைக்கும் குடும்பம் என்று ஒரு வாழ்க்கையே மரத்தோடு வளர்கிறது. இப்படி இயற்கைக் காட்சியைக் கூறித் தொடங்கி, தொடர்பைக் கேட்பவரிடமே விட்டுவிடும் உத்தியைச் சீனர்கள் 'சிங்' என்றனர். நம் உள்ளுறை உவமத்தை நடத்தியவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

சாமந்தி, மற்ற பூக்கள் உதிர்ந்த பின், இலையுதிர்காலக் குளிரில் பூக்கும். அரசுப் பதவியை உதறிவிட்டு ஊர் திரும்பி உழுது வாழ்ந்தவர் தாவ் யுவான்மிங் (365–427). அவர் விரும்பிப் பாடிய பூ அது. கூட்டத்தோடு சேராமல் தனித்து நிற்பவரின் பூவாக அது ஆனதில் வியப்பில்லை.

தாமரைதான் என் பட்டியலை உடைத்தது. தென் சீனக் காதல் பாடல்களில் தாமரையின் பெயரும் 'அன்பு' என்ற சொல்லும் ஒரே ஒலி. தாமரை பறிக்கப் போவது காதலைத் தேடிப் போவது. 11ஆம் நூற்றாண்டில் சௌ துன்யி என்ற அறிஞர், சேற்றில் முளைத்தும் சேறு ஒட்டாத அதே பூவைச் சான்றோரின் அடையாளமாக்கினார். பூ ஒன்று, பொருள் இரண்டு. 'தாமரை – தூய்மை' என்று மட்டும் படித்த மாணவர் காதல் பாடலைத் தவறாகவே புரிந்துகொள்வார்.

கன்பூசியஸ் தம் மாணவர்களிடம் கவிதை படிப்பதன் பயன்களைக் கூறும்போது, பறவை, விலங்கு, செடி, மரம் ஆகியவற்றின் பெயர்களை அறியலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். கவிதை வகுப்பையும் அறிவியல் வகுப்பையும் அவர் பிரிக்கவில்லை.

இப்போது நான் பட்டியல் எழுதுவதில்லை. வில்லோவுக்குப் பதிலாக ஒரு முருங்கைப் போத்தை வகுப்புக்கு எடுத்துச் சென்று, பள்ளித் தோட்டத்தில் ஊன்றச் சொல்கிறேன். அது துளிர்த்த பிறகு, "ஊரைவிட்டுப் போகும் நண்பனுக்கு இதை ஏன் கொடுத்திருப்பார்கள்?" என்று கேட்கிறேன். விடை அவர்களிடமிருந்தே வருகிறது.

அந்த மாணவி பள்ளிப் படிப்பை முடித்துச் சென்றுவிட்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் என்னிடம் பாக்கியாக இருக்கிறது. உங்கள் வகுப்பில் 'ஏன் அந்த மரம்?' என்று ஒரு குழந்தை கேட்டால், தயவுசெய்து 'எழுதிக்கோ' என்று சொல்லிவிடாதீர்கள்.