ஆட்காட்டியை அறிவோம்



இலக்கியம் முழங்கும் மேடையில், புகைவண்டி அலுவலகக் குமாஸ்தா ஒருவன் பறவையைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் நம்மவர், முதலமடையைக் கடந்ததும் சாளரத்தின் வழியே நோக்குவாராயின், வெட்டவெளித் தரிசில் நெட்டைக் கால்களால் சிறிது தூரம் ஓடி, நின்று, குனிந்து கொத்தும் பறவையைக் காணக்கூடும். அதுவே ஆட்காட்டி. மலையாள நண்பர்கள் தித்திரி என்பர்.

இதில் இரண்டு வகை இங்கே உண்டு. மார்பு கறுத்து, அலகும் கண்ணருகே உள்ள சதையும் சிவந்திருப்பது சிவப்பு மூக்கு ஆட்காட்டி. நீர்நிலையை ஒட்டி வாழ்வது. தலையில் கருந்தொப்பி, அதன் கீழே வெண்கோடு, மஞ்சள் கால்கள், அலகின் அடியில் மஞ்சள் சதை இவற்றையுடையது மஞ்சள் மூக்கு ஆட்காட்டி. வறண்ட நிலமே இதற்கு வீடு. 1783-இல் போடார்ட் என்னும் டச்சு அறிஞர் இதற்குச் சூட்டிய அறிவியற் பெயரிலேயே மலபார் இருக்கிறது. இந்தியத் துணைக்கண்டத்திற்கு வெளியே இது வாழ்வதில்லை.

நீண்ட கொண்டையுடைய ஆட்காட்டி வேறு. அது பனிக்காலத்தில் வட இந்தியாவிற்கு வந்து செல்வது. நம்முடையது சினமுற்றால் தொப்பி இறகைச் சற்றே சிலிர்த்துக் காட்டும், அவ்வளவே.

ஆளைக் காட்டிக் கொடுப்பது என்று பெயரிட்டு இதைப் பழிக்கிறோம். அது காப்பது தன் முட்டைகளையன்றோ! கூடு கட்டுவதில்லை, தரையில் சிறு குழி, அதில் பெரும்பாலும் நான்கு முட்டைகள், மண்ணின் நிறத்திலேயே. கடும் வெயிலில் மார்பிறகை நீரில் நனைத்து வந்து அவற்றைக் குளிர்விக்கும். பகை நெருங்கினால் இறகொடிந்ததுபோல் நடித்து அப்பால் இழுத்துச் செல்லும். பஞ்சதந்திரத்தில் கடலையே எதிர்த்த பறவை இதன் இனமே.

கொண்டை ஆட்காட்டியின் முட்டைகளை ஐரோப்பியர் உணவுக்கென அள்ளினர். பிரிட்டனில் 1928-இல் அதற்கெனவே தனிச் சட்டம் இயற்றினர். ஆயினும் மேய்ச்சல் வெளிகளை உழுது மாற்றியதால் அது குறைந்தது. 2015-இல் உலக அளவில் அழிவை நெருங்கும் இனங்களின் வரிசையில் சேர்ந்தது. நம் ஆட்காட்டிகளுக்கு இன்னும் அந்நிலை வரவில்லை. ஆனால் நாம் பயனற்றதென ஒதுக்கும் தரிசு எதுவோ, அதுவே அவற்றின் பிள்ளைப்பேற்று அறை.

சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நிலமுடைய அன்பர்களுக்கு ஒரு சொல். கோடை உழவின்போது, அது கத்தும் இடத்தில் முட்டையைத் தேடாதீர்கள். விலகி நின்று நோக்கினால், ஓசையின்றி ஓடிவந்து ஓரிடத்தில் அமரும், முட்டை அங்கேதான். சற்றுத் தள்ளி ஒரு கோல் நட்டு, ஏரை ஒதுக்கி ஓட்டினால் போதும். ஏறத்தாழ ஒரு திங்களில் குஞ்சுகள் பொரிந்து, விரைவிலேயே எழுந்து தாயின் பின்னே ஓடிவிடும்.