இரவு இரண்டு மணிக்கு மீட்டர் என்ன சொல்கிறது?

பெரிய அலுவலகக் கட்டடங்கள் எவ்வளவு மின்சாரம் இழுக்கின்றன, அதனால் எவ்வளவு கரியமில வாயு காற்றில் சேர்கிறது என்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். கட்டடங்களுக்கு எரிசக்தித் தணிக்கை செய்வதுதான் என் தொழில். இந்தத் தலைப்பில் ஒரு நாள் முழுக்கப் பேசலாம். கிடைத்திருப்பதோ சில நிமிடங்கள். அதனால் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்கும் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். இரவு இரண்டு மணிக்கு உங்கள் மீட்டர் என்ன காட்டுகிறது?

பகலில் ஆயிரம் பேர் வேலை பார்க்கிறார்கள், கரண்ட் ஓடத்தான் செய்யும். ஆளே இல்லாத நேரத்தில் ஓடுகிறதே, அதில்தான் கட்டடத்தின் வண்டவாளம் தெரியும். ராத்திரி ஷிப்ட் இல்லாத கட்டடங்களைச் சொல்கிறேன், ஷிப்டில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இரவு பத்து மணி நேரம் 200 கிலோவாட் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 2,000 யூனிட் ஆயிற்று. வீட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வந்தால் நமக்குப் பில்லைப் பார்த்து மயக்கம் வருகிறது. அப்படி நான்கு வீடுகளின் இரண்டு மாத மின்சாரம் ஒரே ராத்திரியில் காலி. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் இதைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. நம் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருவதுதான் காரணம். ஆக, ஒரு ராத்திரிக்கு 1,400 கிலோ.

சென்னையில் ஒரு கண்ணாடிக் கட்டடம். பெயர் வேண்டாம். நள்ளிரவுக்கு மேல் அதைச் சுற்றிப் பார்க்கப் போனேன். வரவேற்புக் கூடத்தில் காவலாளி குரங்குக் குல்லாயும் சால்வையுமாக உட்கார்ந்திருந்தார். மே மாதம், நேயர்களே! “உள்ள குளிர் தாங்க முடியல சார், அப்பப்ப வெளிய போய் நின்னுட்டு வருவேன்” என்றார். கீழ்த்தளத்தில் ஒரு கார்கூட இல்லை. புகையை வெளியேற்றும் ராட்சத விசிறிகள் மட்டும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. நான்காவது மாடியில் மூலையில் ஒரு சின்ன அறை, உள்ளே நெட்வொர்க் பெட்டிகள். அந்த ஓர் அறைக்காக மாடி முழுக்கக் குளிர்காற்று. அந்த ஒரு மாடிக்காக மேலே சில்லர் என்ற பெரிய குளிரூட்டும் இயந்திரம், அதற்கு இரண்டு பம்ப், ஒரு கூலிங் டவர். அறைக்குத் தனியாக ஒரு சின்ன ஏ.சி. மாட்டியிருந்தால் மற்றதெல்லாம் தூங்கியிருக்கும்.

ஏன் எதையும் அணைப்பதில்லை என்று ஆபரேட்டரிடம் கேட்டேன். ஐ.டி.ஐ. படித்த பையன், இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லக்கூடியவன். “எனக்குத் தெரியாதா சார்? அணைச்சா நல்லதுதான். காலையில மேலதிகாரி யாராவது சீக்கிரம் வந்து, புழுக்கமா இருக்குன்னு ஒரு மெயில் போட்டா என் வேலை போயிடும். குளிருதுன்னு யாரும் மெயில் போட மாட்டாங்க, ஸ்வெட்டர் எடுத்துட்டு வந்துடுவாங்க” என்றான்.

நான் படித்த எந்தத் தொழில்நுட்பப் புத்தகத்திலும் இது இல்லை. போட்டுவைக்க எல்லாருக்கும் உரிமை இருக்கிறது, அணைக்க ஒருவருக்கும் இல்லை. வாடகைக்கு இருக்கும் கம்பெனிக்கும் இதில் அக்கறை வருவது கஷ்டம். பல இடங்களில் பொது ஏ.சி. செலவைச் சதுர அடிக் கணக்கில்தான் வசூலிக்கிறார்கள். உங்கள் மாடியில் நீங்கள் சிக்கனம் பிடித்தால் மிச்சம் எல்லா மாடிகளுக்கும் பங்காகிவிடும். உரிமையாளரோ வந்த பில்லை அப்படியே பங்கு போட்டு அனுப்பிவிடுவார். யாருக்கு வலிக்கும், சொல்லுங்கள்?

இன்னொரு இடத்தில் பகலிலேயே ஸ்வெட்டர். எங்கள் தெர்மாமீட்டரை மேசையில் வைத்தால் 21 டிகிரி. சுவரில் இருந்த சென்சார் 27 என்றது. கீழே பார்த்தால் ஜெராக்ஸ் மெஷின்! அது விடும் சூட்டை மாடியின் சூடு என்று நம்பி சென்சார் இன்னும் குளிர், இன்னும் குளிர் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. சென்சாரை எதிர்த் தூணுக்கு மாற்றினோம். கொஞ்சம் ஒயர், ஒரு எலக்ட்ரீஷியன், அவ்வளவுதான் செலவு. ஏ.சி.யை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் பணியகம். உங்கள் ஃப்ரிட்ஜில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுகிறார்களே, அவர்களேதான்.

விசிறிகளைப் பற்றிப் பேசாமல் என்னால் முடிக்க முடியாது. காற்றைக் குழாய் வழியே தள்ளும் பெரிய விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்சாரம் எவ்வளவு குறையும்? அதே ஐந்தில் ஒரு பங்கு என்றுதான் பலரும் சொல்வார்கள். 0.8-ஐ 0.8-ஆல் பெருக்கி, வந்ததை மறுபடியும் 0.8-ஆல் பெருக்குங்கள். 0.512. கிட்டத்தட்டப் பாதி மிச்சம்! மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. என்ற கருவி இந்த வேலையைச் செய்கிறது. நான் பார்த்த பல கட்டடங்களில் அதை வாங்கி மாட்டிவிட்டு, முழு வேகத்திலேயே பூட்டி வைத்திருக்கிறார்கள். காரணம் அதே பயம்தான். வீட்டில் பழைய பெட்டி ரெகுலேட்டர் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடாதீர்கள், அது மிச்சத்தைச் சூடாக்கியே தீர்த்துவிடும்.

மின்சாரம் தவிர இரண்டு விஷயம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெனரேட்டரில் எரியும் டீசல், லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. இது எல்லாரும் எதிர்பார்ப்பது. எதிர்பார்க்காதது சில்லருக்குள் இருக்கும் குளிர்பொருள். பல சில்லர்களில் உள்ள ஆர்-134ஏ ஒரு கிலோ கசிந்தால், பூமியைச் சூடாக்குவதில் அது 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்பது கணக்கு. முதலில் பார்த்தோமே, வீணாய்ப் போன ஒரு முழு ராத்திரி, அதற்குச் சமம். “வருஷா வருஷம் கேஸ் ஏத்துவோம் சார்” என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். ஏற்றின கேஸ் எங்கே போனதாம்?

புது இயந்திரம் வாங்கினால் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் பில்டிங் 1931-இல் திறந்தது, 102 மாடி. 2009-இல் அதன் எரிசக்தியை 38 சதவீதம் குறைக்கத் திட்டமிட்டபோது சில்லரில் கை வைப்பதற்கு முன்னால் ஜன்னலைத்தான் கழற்றினார்கள். 6,514 ஜன்னல்கள். கட்டடத்துக்குள்ளேயே பட்டறை போட்டு, பழைய கண்ணாடிகளுக்கு நடுவில் மெல்லிய படலம் பொருத்தி, மந்த வாயு நிரப்பித் திரும்ப மாட்டினார்கள். உள்ளே வரும் சூடு குறைந்தது. குளிரூட்டும் தேவையும் குறைந்தது. சில்லர்களைத் தூக்கிப் போட்டுப் பெரியதாக வாங்க வேண்டியிருக்கவில்லை, இருந்தவற்றையே புதுப்பித்துக்கொண்டார்கள். தேவையை முதலில் குறை, இயந்திரத்தைப் பிறகு பார். என் தொழிலில் இதற்கு மேல் சூத்திரம் கிடையாது.

மொட்டை மாடியில் சோலார் போடுவது பற்றி இன்னொரு நாள் பேசலாம். நல்லதுதான், ஆனால் இருபது மாடிக்கு ஒரே ஒரு மொட்டை மாடி என்பதை மறக்க வேண்டாம். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் அலுவலக நிர்வாகிகள் இருந்தால், ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். எந்த நேரத்துக்கு மேல் எதை அணைக்கலாம், யார் அணைக்கலாம் என்று அதில் இருக்கட்டும். புழுக்கம் என்று மெயில் வந்தால் பதில் சொல்வது உங்கள் பொறுப்பு என்றும் சேர்த்து எழுதுங்கள். கருவி வாங்குவதெல்லாம் அதற்கு அப்புறம். அந்த ஆபரேட்டர் பையனுக்கு எல்லாம் தெரியும், அவன் கேட்பது உங்கள் கையெழுத்தைத்தான். இந்தக் கோடைக்குள் நாலு கட்டடங்களிலாவது அது கிடைக்கும் என்று நம்புகிறேன்.