பட்டறை ஈன்ற தொழில்கள்



இந்தியப் பொருளாதாரத்தில் பாதிக்கு மேல் இன்று சேவைத் துறையின் பங்கு. ஆலைத் தொழிலின் பங்கு ஏறத்தாழ ஆறில் ஒன்று. அதை 25 விழுக்காடாக்குவோம் என்று 2014-இல் ‘மேக் இன் இந்தியா’ திட்டம் புறப்பட்டது; பங்கு பெரிதாக நகரவில்லை. “கணினியும் வங்கியும் சோறு போடாதா?” என்று சிலர் கேட்கிறார்கள். போடும். ஆனால் ஆலையின் மதிப்பு அது தரும் சம்பளத்தோடு முடிவதில்லை. ஒரு தொழில் இன்னொரு தொழிலை ஈனுகிறது.

பிரிட்டனின் வளர்ச்சி ஏன் மந்தமாயிற்று என்று 1966-இல் கேம்பிரிட்ஜில் உரையாற்றினார் பொருளியல் அறிஞர் நிக்கோலஸ் கால்டர். ஆலை உற்பத்தி பெருகப் பெருக, தலைக்கு இவ்வளவு என்ற உற்பத்தித் திறனும் கூடும் என்பது அவர் வாதம். செய்யச் செய்யத்தான் தொழில் படியும்.

கோவையைப் பாருங்கள். 1888-இல் ஸ்டேன்ஸ் பஞ்சு மில் வந்தது. 1930-களில் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. மில்லுக்கு உதிரிபாகம் வேண்டும், பட்டறைகள் முளைத்தன. சுற்றிலும் ஆழக் கிணறுகள். அவற்றில் நீர் இறைக்கப் பட்டறைக்காரர்கள் பம்பு செய்தார்கள். 1937-இல் கோவைத் தொழில்முனைவர்கள் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்தார்கள். 1962-இல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், நூற்பு இயந்திரங்களையே செய்யத் தலைப்பட்டது. இயந்திரத்தை வாங்கிய ஊர், இயந்திரத்தை விற்கும் ஊராயிற்று.

செய்து செய்து பெறும் இந்தத் தொழிலறிவு எங்கே இருக்கிறது? பம்பு உறைக்குப் பேட்டர்ன் என்னும் வார்ப்பு மாதிரி செய்பவரைக் கவனியுங்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய 1 விழுக்காடு சுருங்கும். எனவே 100 மில்லிமீட்டர் வேண்டிய இடத்தில் 101 வைப்பார். லேத்தில் கடைந்தெடுக்கும் பக்கத்துக்கு மேலும் கொஞ்சம் கூட்டுவார். சுருக்கக் கணக்கு புத்தகத்தில் உண்டு. எந்த மூலையில் ஊதுதுளை விழும், அச்சு மணலில் ஈரம் எவ்வளவு இருக்கலாம் என்பதெல்லாம் பவுண்டரியில் நின்றவருக்கே கைவரும். பவுண்டரியை மூடினால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். பிறகு வேண்டுமென்றாலும் உடனே கிடைக்கமாட்டார்.

சேவைத் துறையை நான் குறைத்துப் பேசவில்லை. லாரி போக்குவரத்து, பரிசோதனைக்கூடம், காப்பீடு, வடிவமைப்பு மென்பொருள் எல்லாம் ஆலை வாசலில் வாடிக்கையாளரைத் தேடி நிற்பவைதாம். துறைமுகத்தாலும் வங்கிகளாலும் பேர்பெற்ற சிங்கப்பூர்கூட ஆலைத் தொழிலைக் கைவிடவில்லை. அந்நாட்டுப் பொருளாதாரத்தில் இன்றும் ஆலைத் தொழிலுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறது. தானியங்கி இயந்திரங்களால் ஆலையில் ஆள் குறையலாம். அந்த இயந்திரத்தை அமைக்கவும் பழுது பார்க்கவும் தெரிந்தவரின் தேவை குறையாது.

பொறியியல் கல்லூரிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. பொறியியல் மாணவர் ஒவ்வொருவரும் பட்டம் பெறுமுன் ஒரு வார்ப்பையேனும் தம் கையால் வார்த்து, லேத்தில் கடைந்து, அளந்து பார்க்கட்டும். அளவு தவறினால் அதைக் கழித்துவிட்டு மறுபடி வார்க்கட்டும். அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.